கீழூர்த் தொட்டியில் ராணி கலர்

1

காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநர் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "இன்றைக்கு என்ன கலர்?" நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு கல் தொட்டி இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து எந்நேரமும் அதில் விழுந்துகொண்டிருக்கும். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்குத் தண்ணி கலர்தான்" என்று சொன்னால்தான் பஸ்ஸின் கதவை மூடுவார். ஒரு வருஷமாக இது நடக்கிறது. அவருக்கும் அலுக்கவில்லை, எனக்கும் அலுக்கவில்லை.

இந்தக் கதை காஞ்சிபுரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் தம்பி குமரேசன் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லி வைத்திருக்கிறான். ஒரு வீட்டில் சுவிட்சர்லாந்து ஆற்றையே சிவப்பாக்கிவிட்டானாம். இன்னொரு வீட்டில் அவனைப் போலீஸ் கைது செய்து விமானத்தில் ஏற்றிவிட்டதாம். அவனை இனியும் விட்டுவைத்தால் நானே ஜெயிலில் இருப்பதாகக் கிளப்பிவிடுவான் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் திலகம். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதுதான் தொழில். இப்போது அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். என் வீட்டுக்காரர் நடராஜனும் காஞ்சிபுரம்தான். இங்கே சுவிட்சர்லாந்தில், கடிகாரத்துக்குள் போகிற மிகச் சின்னச் சக்கரங்களைச் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மகள் எழிலரசி இங்கேயே பிறந்தவள். ஆசையாகத்தான் எழில் என்று கூப்பிட்டோம். இங்கே யாருக்கும் 'ழ' வரவில்லை. அவர்கள் வாயில் அது கழுதைக்கு இவர்கள் வைத்திருக்கும் 'ஏஸல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். "பேர் வைக்கறதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று ஒன்றாம் வகுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழுசாகத் தமிழில் கடைசியாகச் சண்டை போட்டது அநேகமாக அப்போதுதான். அதற்கப்புறம் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வீடு அப்படியே பழகிக்கொண்டது.

2

சுவிட்சர்லாந்து என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் பனி மூடிய மலைதான் ஞாபகத்துக்கு வரும். அது ஆல்ப்ஸ். நல்ல வெயில் நாளில் தெற்கே தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். எங்களுக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு. நாங்கள் இருப்பது ஜூரா மலைத்தொடர். முழுக்கச் சுண்ணாம்புக்கல். உயரம் குறைவு. மேலே புல், சரிவில் காடு, காட்டுக்கு நடுவில் அங்கங்கே வெள்ளைப் பாறை செங்குத்தாக நிற்கும். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த பூமியாம். நடக்கிற பாதையிலேயே சிப்பி கிடைக்கும். ஒருமுறை நத்தை மாதிரி சுருண்ட ஒரு கல் கிடைத்தது. கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது சாளக்கிராமம் மாதிரி இருக்குது. சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில்காரங்க வச்சிக் கும்புடறது. நாம சிவன் கோயில் பக்கம்பா," என்றார். இருந்தாலும் எடுக்கச் சொல்லவில்லை. அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு சாமிகளும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

மலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் பள்ளத்தாக்குகள். ஆறு கொஞ்ச தூரம் பள்ளத்தாக்கோடு ஒழுங்காகப் போகும். அப்புறம் என்ன நினைத்துக்கொள்ளுமோ, சட்டென்று திரும்பி மலையையே குறுக்கே அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அந்த இடுக்கில் ஆறும் ரோடும் ரயில் பாதையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகின்றன. இடுக்கின் வாயில் இருக்கிற ஊரைக் கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் தொட்டியும் என் முதியோர் இல்லமும் இருக்கின்றன. ஒரு மலையைத் தாண்டி மேலே, கிண்ணம் போன்ற சின்னப் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் ஊர் மேலூர். உண்மைப் பெயர்களை எழுதினால் உங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இரண்டு ஊருக்கும் ஒரே பஞ்சாயத்து.

மேலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. சலசலவென்று நன்றாகத்தான் வரும். வந்து, ரூடி என்கிற பண்ணைக்காரரின் புல்வெளியில் ஒரு பாறைக் குழிக்குள் இறங்கும். அத்தோடு சரி. குழிக்கு அந்தப் பக்கம் ஓடை கிடையாது, வெறும் புல்தான். சுண்ணாம்பு மலையில் தண்ணீர் இப்படித்தான் உள்ளே போய்விடும் என்கிறார்கள். மலை உச்சியில் மேய்கிற மாடுகளுக்குக் குடிக்க மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறார்கள். அவ்வளவு மழை பெய்கிற மலையின் மேலே ஒரு குட்டை கூடக் கிடையாது.

உள்ளே போன ஓடை எங்கே வெளியே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மேலூர்க்காரர்களைக் கேட்டால் வடக்கே எங்கேயோ போகிறது என்பார்கள். கீழூர்க்காரர்களைக் கேட்டால் எங்கள் தொட்டிக்கு வருவது காட்டு மலையின் சுத்தமான ஊற்று, மாட்டுக்கார மேலூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள். இரண்டு ஊரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரோடு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். துவரம்பருப்பு வேகவே வேகாது. சோப்பு நுரைக்காது. வெந்நீர் வைக்கிற கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றிக் கொதிக்கவைப்பேன். "வெத்தலைக்குத் தடவறது இதானாம்மா?" என்று எழில் சின்ன வயதில் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள்.

3

இங்கே பிறந்ததனால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது. மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும், கேட்ட காகிதத்தையே இன்னொரு அலுவலகமும் கேட்கும், கொடுக்க வேண்டும். கடைசியில் ஊர்ச் சபை. ரொட்டிக் கடைக்காரர், பால் கொடுக்கிறவர், பக்கத்து வீட்டம்மா எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து, இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். பெண் பார்க்க ஊரே வந்த மாதிரிதான்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் அது கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் வண்டி ஓடும். எழிலுக்கு அப்படியில்லை. அவளுக்குப் போலீஸ் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு போலீஸ்கார அம்மா வந்து பேசிவிட்டுப் போன நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஓட்டப் பயிற்சி, நீச்சல், சட்டப் புத்தகம் என்று அவள் ஒரு பக்கம் தயாரானாள். எங்கள் மாநிலப் போலீஸ் பள்ளியில் சேரக் குடியுரிமை வேண்டும். அது இல்லையென்றால் மனுவைக்கூட வாங்க மாட்டார்கள்.

சபைக்கு முன்னால் ஒரு நேர்முகம் உண்டு. அதில் உள்ளூர் மலை எது, ஆறு எது என்று கேட்பார்கள். எங்களுக்கு எழில்தான் வாத்தியார். என் பழைய பட்டுப் புடவையைச் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து, தெற்குப் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் தள்ளினாள். புடவை கொசுவம் கொசுவமாக எழும்பியது. "ஆல்ப்ஸ் இப்படித் தள்ளுச்சு. இது மலை, இது பள்ளம், இது மலை. இங்க நாம. புரியுதா?" என்றாள், பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாக. எனக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. புடவையைக் கசக்கியதற்குத் திட்டவும் செய்தேன்.

வீட்டுக்காரர் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மலைப் பேர்களை மனப்பாடம் செய்தார். எல்லாம் தலைகீழாகத் தெரியும். நேர்முகத்தில் முதல் கேள்வி: இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு எது? மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, "பாலாறு" என்றார். எழில் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்த சத்தம் எனக்கே கேட்டது. கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் சரியாகவே சொன்னார், தேறிவிட்டோம். ஓட்டு மட்டும்தான் பாக்கி.

4

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி குமரேசன் வந்தான். எழில் பெரியவளானபோது சடங்கு எதுவும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். தாய்மாமன் கொடுக்க வேண்டிய பட்டை அவனால் கொடுக்க முடியவில்லை. அது அவனுக்குப் பெரிய குறை. "எப்ப வேணும்னு நீயே சொல்லுமா, மாமா கொண்டாறேன்," என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் கேட்பான். கடைசியில் எழில் ஒப்புக்கொண்டாள். புடவை வேண்டாம், துப்பட்டா போதும். கலரை அவள்தான் முடிவு செய்வாள். சாயமும் அவளே போடுவாள். ஆகவே அவன் வெள்ளைப் பட்டுத் துப்பட்டாவும் மூன்று டப்பா சாயப் பொடியுமாக வந்து இறங்கினான்.

"மாம்பழ மஞ்சள் இருக்குது, அரக்கு இருக்குது, ராணி இருக்குது. எது போடலாம்?"

எழில் மூன்றையும் திறந்து பார்த்தாள். ராணி கலர் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கிற ரோஸ். "இது மாமா. தூரத்துல வந்தாலே தெரியணும்."

"அடி என் ராசாத்தி. அம்மா மாதிரி இல்லாம கலர் தெரிஞ்ச புள்ளயா இருக்குது," என்றான் அவன்.

வண்டி நிறுத்துகிற கொட்டகையில் அடுப்பு வைத்தார்கள். என் பழைய இட்லிக் குண்டானை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். தம்பி குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாக்கா, சுண்ணாம்புக் கால்வாயா இது?" என்று கேட்டு, சாயம் நன்றாகப் பிடிக்க என் வினிகர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாமாவும் மருமகளும் பேசிச் சிரிக்கிற சத்தம். எழில் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு வேறு மொழி தெரியாதே, வேறு வழியில்லை. வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டினாள். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

துப்பட்டா அற்புதமாக வந்தது. ஆனால் நடுவில் எழிலின் முழங்கை பட்டு ராணி டப்பா முழுசாகக் குண்டானுக்குள் கவிழ்ந்துவிட்டது. துணி குடித்தது போக மிச்சம் ஒரு குண்டான் நிறைய அடர்ந்த சாயம். அதைக் கழுவுத் தொட்டியில் ஊற்றப் போனார்கள். வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "கறை பட்ச்சினா வீட்டு ஓனர் நம்மள காலி பண்ணிடுவான்! வெளிய கொண்டு போப்பா!"

தம்பி வெளியே கொண்டுபோனான். வந்த அன்றே ஓடை குழிக்குள் போவதைப் பார்த்து வைத்திருந்தான். அவனுக்கு அது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. "நம்ம பாலாறு மாதிரிதான். மேல மணலு, அடியில தண்ணி போய்க்கினே இருக்கும். மணல்ல எதை ஊத்தினாலும் வடிகட்டிடும்மா. திருமுக்கூடல்ல தோண்டிப் பாரு, இளநி மாதிரி ஊறும்," என்று எழிலிடம் சொன்னானாம். இரண்டு நாள் மழை பெய்து ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக் குண்டானைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் ராணி கலரில் சுழன்று இறங்கியதைப் பார்த்து இரண்டு பேரும் கை தட்டியிருக்கிறார்கள்.

5

மறுநாள் நான் முதியோர் இல்லத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் மார்த்தா அம்மா உட்கார்ந்திருப்பார். ரூடியின் தாயார். ஞாபகம் வரும், போகும். அன்றைக்கு என் கையைத் தொட்டு, "திலகம், தொட்டியில் ரோஜாத் தண்ணீர் வருகிறது," என்றார்.

பக்கத்தில் இருந்த நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமாம் மார்த்தா, ரொம்ப அழகு," என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கரண்டி கையிலிருந்து நழுவிச் சூப்புக்குள்ளேயே விழுந்தது.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் தெருக் கால்வாயைப் பார்த்தே சொல்லிவிடுவோம், இன்றைக்கு யார் வீட்டில் என்ன கலர் போடுகிறார்கள் என்று. மஞ்சள் வந்தால் மேல வீடு, அரக்கு வந்தால் எதிர் வீடு. கீழூர்த் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டு ராணி. கீழூரிலேயே அந்தக் கலரின் பேர் தெரிந்த ஒரே ஆளாக நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் சூப்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

தொட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லலாம் என்றார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். நான் பண்டக அறைக்குள் போய் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"குமரேசா, நேத்து அந்தச் சாயத் தண்ணிய எங்கடா ஊத்தின?"

"பின்னால குழியிலதான். ஏன்கா?"

"அது இங்க வந்துக்கினு இருக்குதுடா."

"எங்க?"

"மலைக்கு இந்தப் பக்கம். என் கண்ணு முன்னாடி, ஊர்த் தொட்டியில."

அப்புறம் கேட்டான்: "கலர் எப்படி வந்திருக்குது?"

அன்று மாலை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஓட்டு இன்னும் இரண்டு வாரத்தில். வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தெரியப் போவுது? ஓட்டு முடியற வரைக்கும் வாய மூடிக்கினு இருக்கலாம். அப்புறம் நானே போய்ச் சொல்றேன்," என்றார்.

தம்பி அழாத குறை. "மாமா, நான் ஊத்தினேன்னு சொல்லுங்க. நான்தான் நாளன்னிக்கு ஊருக்குப் போறேனே. திட்டினா திட்டிட்டுப் போவட்டும். புள்ள பேரு வர வேணாம்."

நான் வீட்டுக்காரர் பக்கம்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். எழிலின் ஓட்டமும் நீச்சலும் எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

எழில் எழுந்தாள். கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் ராணி கலர். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மாமாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே பேசினாள். "டப்பாவைத் தட்டினது நான். குண்டான் நானும்தான் பிடிச்சேன். நாளைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வேற ஒருத்தர்கிட்ட உண்மைய சொல்லுங்கன்னு நான் எப்படிப்பா கேப்பேன்?"

போனை எடுத்துப் போலீஸுக்கு அவளே பேசினாள்.

6

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. மாநில நீர்த்துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பை நிறையக் கண்ணாடிக் குப்பிகள். டப்பாவைக் கேட்டார், என்ன பொடி என்று பார்த்தார், எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டார். முதலில் எங்கள் நாலு பேரையும் நிற்கவைத்துத் திட்டினார். மணல் வடிகட்டும், சுண்ணாம்புப் பாறை வடிகட்டாது, அதற்குள் இருப்பது வெடிப்பும் குகையும்தான், ஒரு பக்கம் போட்டது மறுபக்கம் அப்படியே வரும் என்று சொன்னார். எழில் மொழிபெயர்த்தாள். தம்பி தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

திட்டி முடித்த பிறகு அந்த அம்மாவின் முகம் மாறியது. தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று அறிய அவர்களும் முன்பு ஒருமுறை அதே குழியில் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்த்திருக்கிறார்களாம். அது ஓடை வற்றியிருந்த நேரம்; எங்கேயும் வெளியே வரவில்லை. இப்போது மேலூர்த் தண்ணீர்தான் கீழூர்த் தொட்டிக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டது. "இப்படிச் செய்திருக்கவே கூடாது," என்று சொல்லிக்கொண்டே குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குழந்தை பலூனைப் பார்க்கிற மாதிரி. தம்பி என் காதில், "அக்கா, இந்தம்மாவுக்குக் கலர் புடிச்சிருக்குது," என்றான்.

இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அபராதம் கட்டினோம். தம்பி ஊருக்குப் போனான். எங்கள் மனு மட்டும் விசாரணை முடிகிற வரைக்கும் ஒத்திவைப்பு என்று வந்தது. அடுத்த வருஷச் சபையில்தான் இனி ஓட்டு. எழிலின் போலீஸ் பள்ளியும் அதோடு தள்ளிப்போனது. அவள் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. இரவில் ஓடப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அது எனக்கு உள்ளே குத்தியது.

எங்களுக்குப் பயம் ரூடியை நினைத்துத்தான். மாட்டுச் சாணியைக் கரைத்து டாங்கரில் கொண்டுவந்து புல்வெளியில் பீய்ச்சுவது இங்கே வழக்கம். குழியைச் சுற்றி இனி அதைச் செய்யக் கூடாது, வேலி போட வேண்டும் என்று ரூடிக்கு உத்தரவு வந்தது. ரூடி பேசினால் மேலூர் முழுக்கக் கேட்கும். அவர் எங்களுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினார். வணக்கம் சொன்னால் மாட்டைப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் தனியாக வேலிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். எழில் யாரையும் கேட்காமல் போய் மறுமுனையைப் பிடித்தாள். முதல் நாள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். கடைசிக் கம்பத்தை அடித்து முடித்த பிறகுதான் பேசினாராம். "என் அம்மா கீழூர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார். இத்தனை வருஷமாக நான் இங்கே பீய்ச்சியிருக்கிறேன்." அப்புறம், "நீ போன் செய்யாமலே இருந்திருக்கலாம். ஆனாலும் செய்தாய்," என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை எங்கள் வாசலில் பால் கேன் இருந்தது. நான் அன்றைக்குப் பாயசம் வைத்து ஒரு கிண்ணம் அவருக்கும், ஒரு கிண்ணம் மார்த்தா அம்மாவுக்கும் கொண்டுபோனேன்.

7

குளிர்காலம் முடிகிற சமயத்தில் இங்கே வேஷம் கட்டுகிற திருவிழா வரும். வேண்டுமென்றே சுருதி சேராமல் ஊதிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அந்த வருஷம் யார் எதில் மாட்டிக்கொண்டாரோ அவரைக் கிண்டல் செய்வார்கள். பஞ்சாயத்துத் தலைவராலேயே தப்பிக்க முடியாது. நானும் வீட்டுக்காரரும் எப்போதும் போல ஓரமாக நின்றோம்.

இரண்டு ஊர் வாத்தியக் குழுவும் சேர்ந்து வந்தது. எல்லோர் கையிலும் ராணி கலர் கையுறை. தள்ளுவண்டியில் ஒரு பெரிய குண்டான். குண்டானுக்குள் முண்டாசு கட்டிய ஒருவர் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ரோஸ் காகிதத் துணுக்குகளை வாரி இறைத்தார். அது என் தம்பியாம். பின்னால் ரோஸ் துணி போர்த்திய பசு மாடு. பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ரூடி.

வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா இது, ஊரே சேர்ந்து நம்மள கேலி பண்ணுது."

எழில் எனக்குப் பக்கத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, வெளியாளுங்களை இவங்க கேலி பண்ண மாட்டாங்கப்பா. மரியாதையா வணக்கம் சொல்லிட்டுப் போய்டுவாங்க," என்றாள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டாள். அன்று இரவிலிருந்து மறுபடியும் ஓடப் போக ஆரம்பித்தாள்.

இருந்தாலும் கேலி வேறு, ஓட்டு வேறு. போன வெள்ளிக்கிழமை சபை கூடியது. கேள்வி கேட்டார்கள், எழில்தான் பதில் சொன்னாள். மேலூர் ஓடை எங்கே போகிறது என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "நம் தொட்டிக்கு வருகிறது. நான் பார்த்திருக்கிறேன்," என்றாள். மண்டபம் சிரித்தது. அப்புறம் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். ஓட்டு நடக்கும்போது மனுக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே பேசுவது கேட்காது, பார்க்கத்தான் முடியும். அங்கே காஞ்சிபுரத்தில் தம்பி தூங்காமல் உட்கார்ந்திருந்தான். எழில் வீடியோ போட்டு போனைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "இன்னா ஆச்சு? இன்னாக்கா ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்," என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் மூவரும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரூடி எழுந்து ஏதோ சொன்னார். நீளமாகப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவர் வெளியிடத்தில் என் கையைப் பிடித்ததில்லை. பேசி முடித்த ரூடி உட்காரவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கினார். திருவிழாவுக்குப் போட்ட ராணி கலர் கையுறை.

முன் வரிசையில் ரொட்டிக் கடைக்காரர் அதையே செய்தார். அவருக்குப் பின்னால் பஸ் ஓட்டுநர். அப்புறம் வாத்தியக் குழு மொத்தமும். கையுறை இல்லாதவர்கள் வெறும் கையைத் தூக்கினார்கள். பார்க்கப் பார்க்க மண்டபம் முழுக்கக் கைகள். எழில் குலுங்கிக் குலுங்கி அழுதாள், போன் ஆடியது. வீட்டுக்காரர் தன்னை அறியாமல் கதவுக்கு வெளியே தன் கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

போனுக்குள் தம்பி முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாயம் ஏறிய தன் கையைத் தூக்கி ஒருமுறை பார்த்தான். மறுபடியும் மண்டபத்தைப் பார்த்தான்.

"இன்னாக்கா," என்றான், "அந்த ஊர்ல எல்லாருமே சாயக்காரங்களா?"